நிற்பது நானல்ல

பேசிக்கொண்டிருக்கும்போதே நான் திடீரென்று சிலையாகி நின்றுவிடுகிறேனாம். தையல் கடை முதலாளியும் சொல்கிறார், வீட்டுக்காரரும் சொல்கிறார். உண்மையில் நிற்பது அவர்கள்தான். ஓடுகிற மெஷினும் மின்விசிறியும்கூட நின்றுவிடும். நான் மட்டும் நடமாடுவேன். எல்லாம் மறுபடி ஓடத் தொடங்கும்போது பழைய இடத்திலேயே இருப்பேன். நாக்கு கடிபட்டு ரத்தம் கசியும்.

டாக்டரிடம் நாக்கை நீட்டிக் காட்டினேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பேசினார்.

“ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. எல்லாம் டென்ஷன்தான்.”

“நானும் தலைபாடா அடிச்சுக்கிறேன் சார், கேட்டாத்தானே?” என்று இவர் சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நோய் எனக்கு. என்னைப் பாத்துப் பேசுங்க!” என்று கத்தினேன்.

டாக்டரின் பேனா பாதி எழுத்தில் நின்றது. இவருடைய சிரிப்பும் பாதியில் நின்றது.

கதவைப் படாரென்று சாத்திவிட்டு வெளியே வந்தேன். காத்திருந்தவர்கள் யாரும் அசையவில்லை. நர்ஸ் கையிலிருந்து நழுவிய மருந்துச்சீட்டு தரைக்கு வராமல் அந்தரத்தில் நின்றது.

கடைசி பெஞ்சில் ஓர் அம்மா மட்டும் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த பையை மடியில் எடுத்து வைத்து இடம் விட்டார்.

“உங்களுக்கும் டென்ஷன்னுதான் சொன்னாரா?”