ஓட்டுநர் என்பது பொதுப்பெயர்

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு, மருத்துவமனைச் சரிவில், பதினேழாம் எண் பேருந்துக்கு பிரேக் பிடிக்கவில்லை.

ஓட்டுநர் வண்டியை மதிற்சுவரோடு உரசி உரசியே நிறுத்தினார். ஒருவருக்கும் காயம் இல்லை.

மறுநாள் எங்கள் நாளிதழில் ஒரு துண்டுச் செய்தி. பார்வையிட வந்த பேருந்துப் பணிமனை மேலாளரின் பெயர் இருந்தது. சுவரைக் கட்டிய ஒப்பந்தக்காரரின் பெயரும் இருந்தது. வண்டியை நிறுத்தியவர் வெறும் 'ஓட்டுநர்'.

அந்த ஓட்டுநர் என் தம்பி. நிதானமாக ஓட்டுவதால் பணிமனையில் அவனை 'ஆமை' என்பார்கள். பாதிப் பேருக்கு அவன் உண்மைப் பெயரே தெரியாது.

காலையிலேயே கூப்பிட்டான்.

"செவுத்தக் கட்டினவன் பேரக்கூட போட்டிருக்கீங்க. எம்பேரு இல்லியேக்கா?"

செய்தி ஆசிரியரிடம் போய் நின்றேன். ஓட்டுநர், காவலாளி போன்றவர்கள் தவறு செய்தால்தான் எங்கள் பத்திரிகையில் பெயர் வரும். பழைய வழக்கம்.

"மோதியிருந்தா மொதப் பக்கத்துலயே போட்டிருப்பேனேம்மா," என்றார்.

நானும் சிரித்துவைத்துவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

என் பொறுப்பு சனிக்கிழமை மாணவர் பக்கம். அந்த வாரம் ஆங்கில இலக்கணம்: காமன் நவுன், ப்ராப்பர் நவுன்; அதாவது பொதுப்பெயர், சிறப்புப்பெயர். ஆறு, மலை, நகரம் என்று வழக்கமான உதாரணங்களை எழுதி முடித்திருந்தேன்.

எல்லாவற்றையும் அழித்தேன்.

ஓட்டுநர் என்பது பொதுப்பெயர் என்று தொடங்கினேன். அந்த இருக்கையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். திங்கட்கிழமை உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆங்கிலத்தில் அதைப் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும்.

கீழே பயிற்சி. பிரேக் பிடிக்காத பேருந்தை இன்னார் நிறுத்தினார் என்று ஒரு வாக்கியம்; அதில் சிறப்புப்பெயரை அடிக்கோடிட வேண்டும். இன்னார் என்ற இடத்தில் தம்பியின் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, முழுதாக எழுதினேன்.

செய்தி ஆசிரியர் மாணவர் பக்கத்தைப் படிப்பதில்லை.

சனிக்கிழமை மதியம் பணிமனைக்குப் போனேன். அறிவிப்புப் பலகையில், வேலைநேர அட்டவணைக்கு மேலேயே அந்தப் பக்கத்தை ஒட்டியிருந்தார்கள். பயிற்சியையும் செய்திருந்தார்கள். நீலம், கறுப்பு, சிவப்பு என்று ஒரே பெயருக்கு அடியில் கோட்டின் மேல் கோடு. அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

"ஆமை எங்க?" என்று நேரக்காப்பாளரிடம் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தம்பியின் முழுப்பெயரையும் நிறுத்திச் சொல்லி, வண்டி இன்னும் வந்து சேரவில்லை என்றார்.

பதினேழாம் எண் அன்றும் பத்து நிமிடம் தாமதம்.