வலைக்குக் கட்டிய கல்

“ஓம் பிள்ளை, நான்தான் எடுத்தனான். பாலத்தடித் தொட்டிக்குள்ள ஆறு கொங்கிரீட் கல்லு சும்மா கிடந்தது. வலைக்கு நங்கூரமாக் கட்டினனான்.”

“சும்மா கிடக்கேல்லை, அண்ணை. உப்புத் தண்ணி ஊத்திச் சோதனைக்கு வைச்சனான்.”

“கடலைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு தொட்டிக்குள்ள உப்புத் தண்ணி ஊத்தினது நீர்தானோ?” என்றார் மீனவர் எமிலியானுஸ்.

பொறியியலாளர் நிலாந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய புதுக் கலவை கடலுப்பைத் தாங்கும் என்பதற்கு, நான்கு வருடங்களுக்கு முன் காணாமல்போன அந்தக் கற்களைத் தவிர வேறு சான்று இல்லை. அவற்றைக் காட்டாவிட்டால், சுருவில் கிராமத்தின் புதுப் பாலத்துக்குப் பழைய கலவையே போதுமென்று அடுத்த கிழமை முடிவாகிவிடும்.

“பொலிசுக்குப் போகாதையும். உள்ளுக்கிருந்த கம்பி துருப்பிடிச்சு மூண்டு கல்லு வெடிச்சும் போச்சு. நட்டம் எனக்குத்தான்.”

அவர் வள்ளத்திலிருந்து ஆறையும் இறக்கினார். நிலாந்தினி ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டி, அடியில் பொறித்திருந்த எழுத்துகளைப் பார்த்தாள். வெடித்த மூன்றும் ஒப்பிடுவதற்காக வார்த்த பழைய கலவை. அவளுடைய மூன்றிலும் ஒரு கீறல்கூட இல்லை.

எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அண்ணை, வெடிக்காத இந்த மூண்டையும் திரும்ப வலையில கட்டி, இன்னும் பத்து வருஷம் கடலுக்குள்ள வைச்சிருப்பீங்களோ?”