இன்னொரு சாவி

"நீ வேலைக்குப் போயிட்டா நான் எப்படிம்மா உள்ள வர்றது?" என்று மகன் கண்ணப்பன் சின்ன வயதில் ஒருநாள் கேட்டான். அன்றைக்கே மரகதம் வீட்டின் இரண்டாவது சாவியை அவன் அரைஞாண் கயிற்றில் கோத்துவிட்டாள். வளர்ந்த பிறகும் அவன் அதைக் கழற்றவில்லை. வேலை தேடிப் போனவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாமல் போனபோதும், அது அவன் இடுப்பில்தான் இருந்தது.

அது ஒத்தி வீடு. மரகதம் கொடுத்த பணம் முழுதும் திரும்பி வந்துவிட்டால் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரி தவமணி சிறுகச் சிறுக அடைத்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பாக்கி இரண்டாயிரத்தை மட்டும் மரகதம் வாங்கவே இல்லை. இன்று வெள்ளிக்கிழமை, நாளை அமாவாசை என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

"காலண்டர்ல இல்லாத அமாவாசையெல்லாம் உனக்கு வருதேக்கா," என்று சிரித்த தவமணி, பிறகு குரலைத் தணித்தாள். "எம்மவ பிரசவத்துக்கு வர்றா. அவள எங்க படுக்க வைப்பேன், சொல்லு?"

மறுவாரம் மரகதம் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டாள். சாவியை நீட்டினாள்.

"ஒண்ணுதானே இருக்கு. இன்னொண்ணு?"

"அவங்கிட்ட இருக்கு. வீட்ட எடுத்துக்க தாயி. பூட்ட மட்டும் மாத்திராத."

"நான் ஏங்க்கா மாத்தப் போறேன்?" என்றபடி தவமணி தன் மஞ்சப்பையைக் காலால் கதவுக்குப் பின்னே தள்ளினாள். பை சாய்ந்தது. புதுப் பூட்டு ஒன்று நழுவி ணங்கென்று தரையில் விழுந்தது.

மரகதம் அதைப் பார்த்தாள். கதவிலிருந்த சாவித் துவாரத்தை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். பிறகு மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.