நீரோட்டம் குறைந்த செய்தி

கடலும் பெருங்கடலும் கலக்கும் நீரிணையில், அடியாழத்தில் இறக்கிய கருவிகளை ஆண்டுதோறும் மேலே எடுத்து நீரோட்டத்தின் வேகத்தைப் பார்ப்பது எமல்டாவின் வேலை. சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆய்வுக் கூட்டத்தில், வேகம் குறைந்துவருகிறது என்று முதலில் சொன்னவர் அவளோடு வேலைபார்த்த தேவசகாயம்.

"உங்க கருவியில பாசி பிடிச்சிருக்கும் சார்" என்றாள் அவள். கூட்டமே சிரித்தது. அதன்பிறகு அவர் கப்பலேறவில்லை.

இந்த ஆண்டு புதுக் கருவிகளும் அதையே காட்டின. கரையிறங்கியதும் எமல்டா நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

"அவருக்கு இப்ப யாரையும் அடையாளம் தெரியாதும்மா. பேசிப் பாருங்க" என்றார் அவர் மனைவி.

எமல்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், அங்க நீரோட்டம் குறைஞ்சுதான் போச்சு."

தேவசகாயத்தின் கண்கள் விரிந்தன.

"அடடா! யாரும்மா இதைக் கண்டுபிடிச்சது?"