உள்ளேன், டீச்சர்

டீச்சர் மைக்கைத் தட்டிப் பார்த்தாள். தெரு முழுக்க டொக்கென்றது.

ஆட்டோக்காரர் சேர்மக்கனி ஆட்டோக் கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயை வீடுகளுக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

பள்ளிக்கூடத்தைப் பூட்டி ஒரு பருவம் போய்விட்டது. செல்போனில் பாடம் நடத்தச் சொன்னார்கள். இந்தத் தெருவில் செல்போன் அப்பாக்களின் சட்டைப்பையில் இருக்கும். அப்பாக்கள் வேலைக்குப் போய்விடுவார்கள்.

அதனால் அவள் மைக் செட்டோடு தெருவுக்கே வந்துவிட்டாள். பிள்ளைகள் அவரவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். மடியில் புத்தகம், விரலில் தீப்பெட்டி ஒட்டும் பசை. இரண்டும் சேர்ந்துதான் நடந்தது. கண்டும் காணாமல் இருந்தாள். வந்தவரைக்கும் லாபம்.

பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்துப் போட்டார்கள். ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிடவில்லை என்று அவர்களிடம் சொல்லியிருந்தாள். பெருமைதான். படாத பாடு பட்டவளுக்கு அதுகூட இருக்கக் கூடாதா?

பெயர் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் அன்றைக்கே அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். அது தெருவுக்கே தெரியும்.

"மகாராஜன்."

"உள்ளேன் டீச்சர்."

"ஜெபக்கனி."

"உள்ளேன் டீச்சர்."

தெருக்கோடியில் கடைசி வீடு அவளுடையது. யாருக்கோ காய்ச்சல் என்று அந்தக் கதவு ரொம்ப நாளாகச் சாத்தியே கிடந்தது. கொரோனா பயத்தில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. கதவுக்குள்ளிருந்து பதில்தான் வருகிறதே என்று அவளும் போகவில்லை.

"இசக்கிப்பிரியா."

"உள்ளேன் டீச்சர்."

அடுத்த பெயருக்கு வாயெடுத்தவள் நின்றுவிட்டாள்.

ன் இருந்தது.

இசக்கிக்கு அது வராது. ஒன்றாம் வகுப்பில் முன்பல் விழுந்தபோது "உள்ளே டீச்சர்" என்று தொடங்கினாள். பல் முளைத்தது. ன் முளைக்கவில்லை.

எட்டாம் வகுப்பு வந்தும் உள்ளேதான்.

"எங்கட்டி ஒன் ன்? இட்லியோட சேத்து முழுங்கிட்டியா?" தினமும் கேட்பாள். வகுப்பே சிரிக்கும். எல்லோரையும்விட இசக்கிதான் அதிகம் சிரிப்பாள். நேற்றுகூடத் தன் வீட்டு வாசலிலிருந்து அப்படித்தான் சொன்னாள்.

இன்றைக்குச் சுத்தமான ன்.

மைக்கைக் கையில் பிடித்தபடியே நடந்தாள். வயர் இழுத்தது. சேர்மக்கனி ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார்.

இசக்கி வீட்டு வாசலில் அவள் தங்கை மட்டும் இருந்தாள். மூன்றாம் வகுப்பு. டீச்சரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசலில் நட்டால் கண்ணில் படும் என்று பந்தக்காலை வீட்டுக்குப் பக்கவாட்டில் நட்டிருந்தார்கள். அதில் கட்டிய மாவிலை இன்னும் வாடவில்லை.

உள்ளறைக் கதவில் பூட்டு தொங்கியது.

இசக்கியின் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முந்தானை நுனியில் சாவியை முடிந்திருந்தாள்.

"அவ அத்த வீட்டுக்குப் போயிருக்கா டீச்சர்."

"பந்தக்கால் யாருக்கு?"

அம்மா தரையைப் பார்த்தாள்.

"நாளைக்கு விடியக்காலம் கோயில்ல வச்சுத் தாலி கெட்டுதாங்க. நல்ல எடம். பள்ளிக்கூடம் இருந்தா நாங்க ஏன் டீச்சர் இப்படிச் செய்யப்போறோம்?"

பள்ளிக்கூடம் இருந்தா.

அப்படியென்றால் இத்தனை நாளும் தொண்டை கட்டக் கட்டத் தெருவில் நின்று கத்தியது என்ன? வாய் வரை வந்தது. வலித்தது.

போன் போட்டால் அதிகாரிகள் வருவார்கள். வந்து சேர்வதற்குள் பிள்ளையை வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். அப்படி ஒரு பிள்ளை இங்கே இல்லவே இல்லை என்பார்கள். பக்கத்து ஊரில் அப்படித்தான் முடிந்தது.

பிள்ளை இங்கேதான் இருக்கிறாள் என்று நாலு பேர் காதில் விழ வேண்டும்.

அம்மாவைத் தாண்டி உள்ளே போனாள். வயர் அதுவரைக்கும் எட்டியது.

"இசக்கிப்பிரியா."

வெளியே குழாய் அந்தப் பெயரைத் தெரு முழுக்கச் சொன்னது.

மைக்கைப் பூட்டிய கதவோடு சேர்த்துப் பிடித்தாள்.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம்.

அப்புறம்,

"உள்ளே டீச்சர்."

அதே பழைய பிழை. தெருக்கோடி வரை போனது. வாசல்களில் பசைபட்ட விரல்கள் அப்படியே நின்றன. யாரும் சிரிக்கவில்லை.

பெரியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

டீச்சர் இசக்கியின் அம்மாவிடம் கையை நீட்டினாள். சாவிக்கு.

அம்மா முந்தானையை நெஞ்சோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

அப்போது தெருக்கோடியில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கடைசி வீடு. தட்டியது உள்ளிருந்து.

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

மைக் இல்லாத குரல், மெலிந்து, விட்டுவிட்டு வந்தது.

"நானும் உள்ளே, டீச்சர்."

ஜெபக்கனி.

ஜெபக்கனிக்கு ன் நன்றாக வரும்.