சாயங்காலம் கிளம்பும் கார்

"மறுபடியும் காரை எடுத்துட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மா, பக்கத்துலதான்." கணவன் நழுவினான்.

ஒரு வாரமாக இதே பதில். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் லாரி ஓடும் சாலை, உள்ளே கார் நிறுத்த மட்டுமே இடம். மகளுக்கு எடை ஏறுகிறது, ஓடியாட விடுங்கள் என்று டாக்டர் சொல்லியும் இவருக்கு ஊர்சுற்றலா?

கோபத்தோடு அவளும் இறங்கினாள். கீழே மகளும் மற்ற பிள்ளைகளும் ஓடிப்பிடித்து விளையாடிய கூச்சல்கூட அவள் காதில் ஏறவில்லை.

பின்தெருவில் கணவனின் கார் நின்றது. உள்ளே அவன் மட்டும். பின்னால் மற்ற வீட்டுக்காரர்களின் கார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், 'பந்து பட்டுச்சு, தொலைச்சிடுவேன்!' என்று பிள்ளைகளைத் துரத்தும் கீழ்வீட்டுச் சிடுமூஞ்சி மாமாவின் புதுக் கார். அவரும் உள்ளேதான் இருந்தார்.

"என்னங்க இது?"

"பசங்க ஓடறதுக்கு இடம் வேணும், ஏழு மணி வரைக்கும் உள்ள ஒரு கார்கூட இருக்கக் கூடாதுன்னு மாமாதான் எங்களைக் கிளப்பினார். இங்க ஆளில்லாம விட்டா போலீஸ் சக்கரத்துக்குப் பூட்டு போட்டுடுவாங்க. வெளிய சொன்னா அவருக்குக் கெட்ட கோபம் வரும்."

அவள் முன்னால் ஓடினாள். "மாமா, ரொம்ப..."

"என் வண்டியில பந்து படக் கூடாதும்மா. அவ்வளவுதான்!"

மணி ஏழானது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். மாமாவின் கார் நகரவேயில்லை.

"எதுக்குய்யா அவசரம்? இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்!"