நண்டுக்கு மட்டும் சொல்லாத ஆட்டம்

"மழை வரப்போகுது. உங்க உடம்புக்குத் தோணுற மாதிரி ஆடுங்க," என்று குளத்தங்கரை நடன வகுப்புக்குப் புதிதாக வந்த தட்டான் டீச்சர் சொன்னதுமே நண்டுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பழைய டீச்சர், எந்தக் காலை முதலில் வைப்பது என்று சொல்லாமல் ஆடவிட்டதே கிடையாது. விழாவில் ஆட ஒருவரைத்தான் எடுப்பார்கள். இந்தம்மா எதையோ மறைக்கிறாள்.

டீச்சர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், நண்டு கரையோரமாகப் பக்கவாட்டில் மெல்ல நகர்ந்தது. என்ன ஆடுவதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த தவளையும் ஓணானும் அதைப் பார்த்து அப்படியே நகர்ந்தன.

நண்டு திரும்பிப் பார்த்தது. இரண்டும் ஒரு கால் பிசகாமல் ஆடிக்கொண்டிருந்தன.

"அதானே பார்த்தேன்," என்றது நண்டு. "இவங்களுக்கு மட்டும் முன்னாடியே சொல்லிக்கொடுத்திருக்கீங்க, இல்லையா டீச்சர்?"